மப்பு நாளில் கட்டிய கிளை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். பறவை பார்க்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், அவர்களோடு நான். எட்டு மணிவாக்கில் மேற்கே இருந்து மோடம் ஏறி வானம் மொத்தமும் மூடிக்கொண்டது. பிள்ளைகள் கேமராவைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்கள். நான் அப்போதுதான் என் பையைத் திறந்தேன்.

"என்ன லூர்தம்மா, நாங்க கடையைக் கட்டுறோம், நீங்க விரிக்கிறீங்க?" என்று ஒரு பிள்ளை சிரித்தது.

நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "சரி, எழுதியாவது குடுங்க, நம்ம வருச மலர்ல போடுறோம்" என்றார்கள். எழுதுவதும் அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்குப் பெரிய காரியம்தான். ஆனால் எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள்.

நாகல் நகரில் ராஜேந்திரன் சார் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கூட்டிப் பெருக்கத்தான் போனேன். பிறகு படம் கழுவுகிற இருட்டறையில் தட்டு அலசக் கூப்பிட்டார்கள். அந்த அறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும், யாருக்கும் யார் முகமும் சரியாகத் தெரியாது. அலசக் கற்றேன், காயப்போடக் கற்றேன், பாஸ்போர்ட் படம் வெட்டக் கற்றேன். கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன். பத்து வருசம் இப்படிப் போனது. அதில் எழுத ஒன்றும் இல்லை.

பறவை பார்க்கிற பழக்கம் வந்தது ஆடி மாசத்தால். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழியிலும் கிடையாது. ஸ்டுடியோவில் ஈ ஓட்டுவோம். இங்கே ஆடிக்கு மழை வராது, மோடம் மட்டும் வரும். மலைக்கு அந்தப் பக்கம் பெய்து தீர்த்துவிட்டு, மிச்ச மேகம் காற்றோடு நம் பக்கம் வந்து நாள் முழுக்க நிற்கும். அந்தச் சும்மா நாட்களில் சார் குருவி படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் "சாருக்கு ஆடிக் கிறுக்கு ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். பை தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்.

கல்யாண மண்டபத்தில் சார் வேற ஆள். "மாப்ளே, பொண்ணு கடிச்சிராது, ஒட்டி நில்லுங்க! ஏ அப்பு, அந்தத் தலையை இறக்கு!" என்று மண்டபம் அதிரக் கத்துவார். காட்டில் கால் வைத்ததும் குரல் அடங்கிவிடும். விரலால்தான் பேசுவார். ஒரு விரல் என்றால் நில். ரெண்டு விரல் என்றால் உட்கார். மூடின கை என்றால் மூச்சு விடாதே. கோபம் வந்தால் திட்டமாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் துடைத்துக்கொண்டே இருந்தால் நான் என்ன தப்புச் செய்தேன் என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னுடைய முதல் வேலை என்ன தெரியுமா? நடந்து போவது. சாக்கையும் என் பழைய சேலையையும் டீத்தூள் தண்ணீரில் ஊறப்போட்டுக் காவி நிறமாக்கி, நாலு குச்சி நட்டு ஒரு மறைப்பு கட்டுவோம். ஆள் உள்ளே உட்கார்ந்தால் பறவைக்குத் தெரியாது. ஆனால் உள்ளே போனதை அது பார்த்திருக்குமே! அதற்குத்தான் நான். ரெண்டு பேரும் உள்ளே போவோம், நான் மட்டும் வெளியே வந்து நடந்து போவேன். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஒரு ஆள் போவதைப் பார்த்ததும் எல்லாம் போச்சு என்று நம்பித் திரும்பி வரும்.

"நீ திருடி மாதிரி நழுவுற லூர்து. குருவி நம்பாது. முந்தானையை வீசி, சத்தம் போட்டு நட. நீ போறதை அது பாக்கணும்" என்பார் சார்.

தெருவில் சுவரோரமாகவே நடந்து பழகினவளுக்கு, பார்க்கட்டும் என்றே நடப்பது லேசா? குருவிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு கையை வீசி நடப்பேன். கூப்பிடு தூரம் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். அரைமணி கழித்துச் சார் ஒரு வெள்ளைத் துணியை அசைப்பார். திரும்ப வருவேன். இப்படிப் பல வருசம்.

மோடம் போடுகிற மப்பு நாளுக்குச் சார் முழுசாக மாறியதற்கு நானும் ஒரு காரணம் என்று அவர் சொல்வார். நான் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு நாள் இருட்டறையில் ஒரே கொக்கின் ரெண்டு படத்தைக் கழுவித் தொங்கவிட்டிருந்தேன். ஒன்று வெயிலில் எடுத்தது, ஒன்று மோடத்தில் எடுத்தது. "எது நல்லாருக்கு?" என்று கேட்டார். மோடத்துப் படத்தைக் கைகாட்டினேன். "ஏன்?" என்றார். வெயில் படத்தில் கொக்கின் முதுகைத் தொட்டேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. மோடத்துப் படத்தில் முதுகிலிருந்து தொங்குகிற மெல்லிய இறகுகளை ஒன்று, ரெண்டு, மூன்று என்று விரலால் எண்ணிக் காட்டினேன். சார் ரெண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம், "வெயில் அடிச்சா ஒரு பக்கம்தான் குருவி, மறுபக்கம் நிழல். மோடத்துல மொத்தமும் குருவி" என்றார்.

பிள்ளைகள் கேட்டதற்கு இதுதான் பதில். மோடம் என்றால் வானம் முழுக்க ஒரே விளக்கு. கண்ணுக்கடியில் நிழல் விழாது. பனங்காடையின் நீலம் வெளுக்காது. ஆனால் சில சங்கதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை வானத்துக்கு முன்னால் இருக்கிற பறவையை எடுத்தால் கரிக்கட்டையாகத்தான் விழும். "இந்தப் பெட்டிக்கு வெள்ளையும் தெரியாது, கருப்பும் தெரியாது. எல்லாத்தையும் சாம்பலாக்கப் பாக்கும்" என்பார் சார். அதனால் பறவைக்குப் பின்னால் வானம் வராமல், மலையோ மரமோ தண்ணீரோ வருகிற மாதிரி நாம்தான் இடம் மாறி உட்கார வேண்டும். மாற முடியாவிட்டால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். கொக்கு என்றால் கூட்டும்போது பார்த்துக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் சுண்ணாம்புதான். அப்புறம், வெளிச்சம் கம்மி என்பதால் பறவை அசைந்தால் படம் கலங்கும். பறவை அசையாத நேரம் ஒன்று உண்டு. வந்து உட்கார்ந்ததும் ஒரு தடவை இப்படியும் அப்படியும் பார்க்கும், பார்த்து முடித்து ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடி நம்முடையது. இப்போது வருகிற கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த நொடிக்கு நாம்தான் காத்திருக்க வேண்டும்.

கூடு என்றால் சார் வைத்த சட்டம் தனி. முட்டை இருந்தால் கிட்டேயே போகக்கூடாது. குஞ்சுக்கு இறகு விரிந்த பிறகுதான் போகலாம். ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது. மறைக்கிற கிளையை வாழைநாரால் லேசாக விலக்கிக் கட்டலாம், அதுவும் மப்பு நாளில் மட்டும், அரைமணி மட்டும். வெயில் நாளில் கிளையை விலக்கினால் இறகு முளைக்கிற குஞ்சு கொஞ்ச நேரத்திலேயே வாடிவிடும். படம் முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து, கிளை பழையபடி வந்து மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறைப்பிலிருந்து கேமராவையே எடுப்பார். கட்டுவதும் அவிழ்ப்பதும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் வேலை. அதாவது சார் வேலை.

இப்போது அந்தக் கூட்டைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரைக்கும் முழுசாக யாருக்கும் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருசம் இருக்கும். பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்ட, வீட்டைச் சுற்றி இருக்கிற பறவைகளைப் படம் போட்டுத் தருகிற ஒரு அறக்கட்டளையிலிருந்து சாரிடம் படம் கேட்டிருந்தார்கள். எல்லாம் கொடுத்தாயிற்று. கொண்டைக்குருவி குஞ்சுக்கு இரை ஊட்டுகிற படம் ஒன்று மட்டும் பாக்கி. வடமதுரைப் பக்கம் முருகாயி அக்காவின் கனகாம்பரத் தோட்டத்து மருதாணி வேலியில் கூடு இருப்பதாகத் தெரிந்தது. முருகாயி அக்கா என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், வாய் ஓயாது.

"ஏத்தா லூர்து, ஊருல மயிலு ஆடுது, கிளி பறக்குது. அதையெல்லாம் விட்டுப்போட்டு இந்தக் கொண்டைக்குருவியப் புடிக்கவா பஸ்ஸேறி வாரீக? எங்க வீட்டுக் கோழியையும் ஒண்ணு எடுத்துக் குடேன், அதுவும் ஒரு பறவைதானே?"

மறைப்பை நாலு நாள் முன்பே நட்டுவிட்டோம், குருவி பழகிக்கொள்ளட்டும் என்று. வேலிக்குக் கிழக்கே நட்டோம். கூட்டில் மூணு குஞ்சு. அஞ்சாம் நாள் வானம் நன்றாக மூடியிருந்தது. நாங்கள் போனபோது மணி ஒன்பது. சார் வாழைநாரை நனைத்து நீட்டினார், "நீயே கட்டும்மா" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஆனால் கேட்கவில்லை. கூட்டுக்கு முன்னாலும் மேலேயும் இருந்த ஒரு கிளையை விலக்கி, பக்கத்துக் கொம்போடு கட்டினேன்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சார் கேமராவில் கண்ணை வைத்தார். எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வைத்தார், மறுபடி துடைத்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.

"லூர்து, எனக்குப் பிடிபடலம்மா" என்றார் மெதுவாக. "மோடம் போட்டா மஞ்சக் காகிதம் ஒட்டின கண்ணாடி வழியாப் பாக்கிற மாதிரி இருக்கு. கண்ணுல புரை. ஆறு மாசமா யாருகிட்டயும் சொல்லல. இந்த வேலையை முடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ இரு. நான் நடக்கேன்."

"நானா சார்?"

"கழுவினது நீ, பாத்தது நீ, எது நல்ல படம்னு சொன்னது நீ. பொத்தானை அமுக்குறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் பண்ணு."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். "ஐயா, வரப்பு! வரப்பு பாத்து!" என்று முருகாயி அக்கா கத்துவது கேட்டது.

தாய்க்குருவி வந்தது. வாயில் ஒரு பச்சை வெட்டுக்கிளி. இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது. மூணு வாய் ஒரே நேரத்தில் திறந்தது. நான் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைத்திருந்தேன். அது நின்ற அந்த ஒரு நொடியில் அமுக்கினேன். கேமராவின் பின்பக்கம் படம் தெரிந்தது. குருவியின் கண்ணில் வானத்து வெளிச்சம் ஒரு புள்ளியாக இருந்தது.

கேமராவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறைப்பை விட்டு வெளியே வந்து சாரிடம் ஓடினேன். அத்தனை வருசமாக வெளியே வருவதும் நடந்து போவதும்தானே என் வேலை? காலுக்கு அதுதான் தெரியும். உள்ளே இருக்கிறவர்தான் அவிழ்க்க வேண்டும், அன்றைக்கு உள்ளே இருந்தது நான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவிழ்த்திருப்பேன் என்று சார் நினைத்துக்கொண்டார்.

சார் படத்தை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். "கண்ணு விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு சார்."

"கொண்டை?"

"ஒவ்வொரு மயிரும் தெரியுது சார்."

முருகாயி அக்கா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டோம்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிசாகத் திறந்தேன். குருவி இருந்தது, குஞ்சுகள் இருந்தன. இடது ஓரத்தில் வெளுப்பாக ஒன்று தெரிந்தது. அது வாழைநார் முடிச்சு. அந்த முடிச்சை அவிழ்த்த ஞாபகம் என் கையில் இல்லை.

பின்னால் சார் போனில் அறக்கட்டளைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "கிடைச்சிருச்சு சார். நான் எடுக்கல, நம்ம லூர்து எடுத்தது. ஆமா, லூர்துதான். பேரு போட்டுக்கங்க." அவ்வளவு சந்தோசமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் திரும்பி வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மூடிக்கொண்டேன். மோடமாகத்தானே இருக்கிறது, ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும், காலையில் முதல் வேலையாகப் போய் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆடி மாசத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக விடிந்ததும் வெயில். வானத்தில் துணுக்கு மேகம் இல்லை.

முதல் பஸ்ஸுக்கே போயிருக்கலாம். ஸ்டுடியோச் சாவி என்னிடம் இருந்தது, சொல்லாமல் எப்படிப் போவது என்று போய்க் கடையைத் திறந்தேன். சார் எட்டு மணிக்கு வந்தார். முன்னால் போய் நின்றேன். முடிச்சைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். "வயிறு வலிக்குது சார், வீட்டுக்குப் போறேன்" என்று பொய் சொன்னேன். "போம்மா, போய்ப் படு" என்றார்.

தோட்டத்துக்குப் போனபோது ஒன்பதரை. முருகாயி அக்கா பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். தூரத்திலிருந்தே தெரிந்தது, வெயில் நேரே கூட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது. தாய்க்குருவி கூட்டு விளிம்பில் நின்று ரெண்டு இறக்கையையும் விரித்துக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூச்சு இரைத்தது. தென்னை மட்டையில் ஒரு காக்கா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கிட்டே போனதும் தாய் பறந்து போனது. ஒரு குஞ்சு விளிம்பில் தலை தொங்கக் கிடந்தது. தொட்டேன். போய்விட்டிருந்தது. மற்ற ரெண்டும் வாயைப் பிளந்து கிடந்தன, சத்தம் இல்லை.

முடிச்சை அவிழ்த்தேன். நனைந்த நார் காய்ந்து இறுகி, கிளையின் பட்டையில் பதிந்திருந்தது. அவிழ்த்தும் கிளை திரும்பி வரவில்லை. ஒரு நாள் முழுக்க வளைந்து நின்றதில் இலை எல்லாம் வாடித் தொங்கியது. மூட வேண்டிய கிளையே இல்லாமல் போனது.

மறைப்பிலிருந்து ஒரு சாக்கை உருவி வேலியில் கட்டிப் பார்த்தேன். ஆடிக் காற்று அதைப் பிய்த்துக் கூட்டின் மேலேயே போடப் பார்த்தது. கிணற்றடியில் தேங்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு கிடந்தது. அதன் நுனியில் சாக்கைக் கட்டி, மறைப்புக்குள் உட்கார்ந்து, கேமரா ஓட்டை வழியாகக் கம்பை வெளியே நீட்டி, நிழல் கூட்டின் மேல் விழுகிற மாதிரி பிடித்தேன். வெயில் நகர நகர நிழலையும் விரல்கடை விரல்கடையாக நகர்த்த வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் என்றால் வேலியே நிழல் கொடுத்துவிடும். அதுவரைக்கும் பிடித்துவிட்டால் போதும்.

ஆனால் தாய் வரவில்லை.

நான் உள்ளே போனதை அது பார்த்தது. யாரும் வெளியே வரவில்லை என்பதையும் பார்த்தது. வேப்பங்கிளையில் உட்கார்ந்து கத்தியது. புழுவை வாயில் வைத்துக்கொண்டு வந்தது, நின்றது, தானே விழுங்கிவிட்டுப் போனது. நான் எழுந்து போனால் தாய் வரும், வெயிலும் வரும். நான் இருந்தால் நிழல் இருக்கும், இரை இருக்காது. ஒரு மணி நேரம் அப்படியே போனது.

போன் அடித்தது. சார்.

"வயித்து வலி எப்படிம்மா இருக்கு? ஓமம் கிமம் போட்டியா?"

காற்றுச் சத்தமும் குருவிச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"லூர்து, எங்க இருக்க?"

"வடமதுரைல சார். முடிச்சை அவுக்காம வந்துட்டேன் சார்."

அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

"எத்தனை?"

"ஒண்ணு போச்சு சார்."

"தாய் வருதா?"

"வரல சார். நான் உள்ள போனதைப் பாத்திருச்சு."

"கம்பை விட்டுறாத. நான் வாரேன்."

கண் தெரியாத மனுசன் தனியாகப் பஸ் ஏறி, யாரிடமோ வழி கேட்டு, பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறைப்புக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இளைப்பு அடங்கவில்லை. "பாக்குதா?" என்று கேட்டார். வேம்பில் தாய் இருந்தது. "பாக்குது சார்" என்றேன். எழுந்தார். வெளியே போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு, "ஏ, நான் போறேன்! நல்லாப் பாத்துக்க, போறேன்!" என்று சத்தம் போட்டபடி நடந்தார். வரப்பு தெரியாமல் ஒரு தடவை காலை மடக்கி விழப்போனார். ஒரு கை வேலியைத் தடவிக்கொண்டது, இன்னொரு கை துண்டை வீசிக்கொண்டே இருந்தது. கல்யாண மண்டபத்துக் குரல் அது. காட்டில் அவர் அந்தக் குரலில் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தாய் ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டுக்கு வந்தது. நிழலுக்குள் குனிந்தது. ரெண்டு வாய் திறந்தது.

மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்த முருகாயி அக்காவிடம் நானே சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடி பாவி மகளே, நேத்து ராவே எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா, டார்ச்சு எடுத்துட்டுப் போயி நான் அவுத்து விட்டிருக்க மாட்டேனா? எம்புட்டு நேரம் ஆகும்?"

அவள் நம்பர் என் போனில் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. ராத்திரி நேரத்தில் எப்படிக் கூப்பிடுவது, என்னவென்று சொல்வது என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்கு ஒரு உயிர் போனது. செத்த குஞ்சை வேலியடியில் புதைத்தோம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் முதல் பஸ்ஸில் வந்தோம். நான் கம்பு பிடித்தேன், சார் நடந்தார். நாலாம் நாள் மறுபடி மோடம் போட்டது. அப்போதும் வந்தோம், கேமரா இல்லாமல். அஞ்சாம் நாள் காலையில் ரெண்டு குஞ்சும் கூட்டை விட்டுப் போயின.

அந்தப் படத்தை என்ன செய்வது என்று சார் என்னிடம் கேட்டார். அறக்கட்டளைக்காரர்கள் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள். அவர் தானே முடிவு சொல்லியிருக்கலாம், சட்டம் அவருடையதுதானே. "நீ எடுத்த படம், நீதான் சொல்லணும்" என்றார். "குடுக்க வேண்டாம் சார்" என்றேன். சாருக்கு நான் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். கொண்டைக்குருவி தனியாகக் கம்பியில் உட்கார்ந்திருக்கிற பழைய படம் ஒன்றைக் கொடுத்தோம். சுவர்களில் அதுதான் ஒட்டியிருக்கிறது. என் படத்தை நான் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டியதும் இல்லை. முடிச்சு அதில் அப்படியே இருக்கிறது. சாருக்கு அந்த ஆவணியிலேயே ஆபரேஷன் நடந்தது. இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார், நன்றாகக் கண் தெரிகிறது. போன வருசம் நான் வேலையை விட்டு நின்றபோது அவர் பழைய கேமராவை எனக்கே கொடுத்துவிட்டார்.

குஞ்சுகள் போன அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது சார் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல லூர்து. சொல்லு, என்ன நடந்துச்சு?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். தாய் வேம்பில் உட்கார்ந்து, வாயில் பழத்தை வைத்துக்கொண்டு, கொடுக்காமல் காட்டிக் காட்டிக் கூப்பிட்டதைச் சொன்னேன். பெரிய குஞ்சு விளிம்பில் ஏறி நின்று, காற்று அடித்ததும் மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டதைச் சொன்னேன். கடைசியில் அது குதித்ததா விழுந்ததா என்று தெரியாமல் ஒரு மருதாணிக் கொப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியதையும், தகப்பன் கீழே வந்து கத்தியதையும் சொன்னேன். சின்னது வெகுநேரம் தனியாகக் கத்திக்கொண்டிருந்துவிட்டு, கூப்பிடாத நேரத்தில் தானாகவே கிளம்பிப் போனதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. முன்சீட்டுப் பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எது விட்டுப்போனாலும் சாருக்கு அது நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. கண்டக்டர் பையன் கம்பியில் சாய்ந்துகொண்டு, "யக்கா, ஸ்டாண்டு வந்து செத்த நேரமாச்சு. நானும் வடமதுரைல இருந்து கேட்டுக்கிட்டே வாரேன். கடைசியா எல்லாம் பறந்துச்சா, இல்லையா? அதைச் சொல்லிட்டு இறங்குங்க" என்றான்.

பஸ்ஸில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மூணு இருந்துச்சு தம்பி" என்றேன். "ரெண்டு பறந்துச்சு."